நூறிலிருந்து ஏழு போனால்...

"நூறுல இருந்து ஏழு போனா எவ்வளவுங்க?"

டாக்டர் என் கணவரிடம் இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் 22 வருடம் கணக்கு எழுதியவர் அவர். கால்குலேட்டரைத் தொடவே மாட்டார். லாரி எடைமேடையில் ஏறி இறங்குவதற்குள் மூட்டை எத்தனை, கூலி எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அவரிடம் போய் நூறில் ஏழு!

"தொண்ணூத்தி மூணு" என்றார்.

"அதுல இருந்து இன்னொரு ஏழு?"

"தொண்ணூத்தி மூணுல..." என்று இழுத்தார். விரலை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். பிறகு டாக்டரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"எத்தனையில இருந்து கழிக்கச் சொன்னீங்க?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். கல்யாணமாகி 21 வருடத்தில் அவர் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்திருக்கிறார், நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் வராத அழுகை அந்த ஒரு கழித்தல் கணக்கில் வந்தது.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். 'வீட்டு விஷயத்தை வெளியில சொல்லாதே கண்ணு' என்பார் என் மாமியார். ஆனால் எனக்குத் தெரியாமல் போன சில விஷயங்கள் அன்றைக்கே தெரிந்திருந்தால், அவர் இன்னும் கொஞ்சம் முழுசாகக் கிடைத்திருப்பார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

குடிக்காத நாளில் தள்ளாடினார்

ஆரம்பத்தில் அறுவடை சீசனில் மட்டும்தான் குடிப்பார். ராத்திரி லோடு ஏற்றி முடிக்க நேரமாகும், உடம்பு வலிக்கும், ஒரு குவார்ட்டர். பிறகு சீசன் இல்லாத நாளிலும் குவார்ட்டர். பிறகு அது ஆஃப் ஆனது. கடைசியில் காலையில் எழுந்ததும் கை நடுங்க ஆரம்பித்தது. பேனா பிடிக்க வேண்டுமே! கை நிற்பதற்காகவே காலையில் ஒரு கட்டிங் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. தட்டில் வைத்ததைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒரே பில்லை இரண்டு முறை வரவு வைத்துவிட்டார் என்று முதலாளி ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாவது தடவை அது நடந்தபோது, "கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்.

அந்த வருடம் தீபாவளிக்கு அவர் குடித்ததில் கணக்கே இல்லை. அதற்கு அடுத்த நாட்களில் ஓயாத வாந்தி. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சரக்கையும் தொடவில்லை. 'அப்பாடா, இப்பவாவது நிறுத்தினாரே' என்று நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு பெரிய அறியாமை!

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து பாத்ரூமுக்கு நடந்தார். இரண்டு காலையும் அகட்டி வைத்து, ஆடுகிற படகில் நிற்பவர் மாதிரி நடந்தார். சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. கண்மணிகள் ஓர் இடத்தில் நிலைக்காமல் பக்கவாட்டில் துடித்தன. "ஏனுங்க, என்ன பண்ணுது?" என்றால், சம்பந்தமே இல்லாமல் ஏதோ சொல்கிறார்.

"ராத்திரியே திருட்டுத்தனமாக் குடிச்சிருப்பான். படுக்கப் போடு, தெளிஞ்சிரும்" என்றார் மாமியார். நான் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன். துளி வாசனை இல்லை. 20 வருடம் குடிகாரரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? குடித்த நாளில்கூட அவர் இப்படித் தள்ளாடியதில்லை. குடிக்காத நாளில் ஏன் தள்ளாடுகிறார்?

அந்த ஒரு கேள்விதான் அவரைக் காப்பாற்றியது என்று பிறகு டாக்டர் சொன்னார். அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் காரை எடுத்துக்கொண்டு வந்தார். கோவையில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

தவிட்டில் இருக்கிற சத்து

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் மூன்று கேள்விகள்தான் கேட்டார். எத்தனை வருடமாகக் குடிக்கிறார்? ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனை நாளாகிறது? கடைசியாக எப்போது குடித்தார்? பதில் சொன்னதும், ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல், நர்ஸிடம் ஒரு மஞ்சள் நிற ஊசி மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். அது ஏற ஆரம்பித்த பிறகுதான் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள்.

அது தயாமின். வைட்டமின் பி1. குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சாப்பிடுகிற கொஞ்சத்தில் இருக்கும் பி1-ஐயும் குடல் உறிஞ்சவிடாமல் மது தடுக்கிறது. உடம்பில் இந்தச் சத்தின் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க மூளைக்கு இது கட்டாயம் வேண்டும். பி1 தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், இருக்கிற துளியும் செலவாகி நிலைமை மோசமாகிவிடும். அதனால்தான் முதலில் தயாமின்.

குழப்பம், கண் துடிப்பு, தள்ளாட்டம் மூன்றும் சேர்ந்த இந்த நோயை 1881-ல் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வெர்னிக்கே என்ற மருத்துவர் எழுதி வைத்தாராம். இன்றும் அவர் பெயரில்தான் இது அழைக்கப்படுகிறது. மூன்று அறிகுறியும் ஒன்றாகத் தெரிவது குறைவுதான். ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார் டாக்டர்.

"வீட்டுக்காரர் என்ன வேலைம்மா?" என்று கேட்டார். அரிசி ஆலை என்றதும் அவர் முகத்தில் ஒரு வருத்தச் சிரிப்பு. "இந்தச் சத்து அரிசித் தவிட்டுலதான் நிறைய இருக்கு. தவிட்டுல இருந்துதான் இதை முதன்முதலா 1926-ல பிரிச்சு எடுத்தாங்க" என்றார்.

தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே 22 வருடம் உட்கார்ந்திருந்த மனுஷன் அவர். ஒரு மூட்டை தவிடு என்ன விலை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

வற்றின குளம்

அன்று இரவே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று வாரம் முன்பு பாத்ரூமில் விழுந்து நெற்றியில் புடைப்பு வந்ததைச் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதும் டாக்டர் அவசரப்பட்டார்.

காரணத்தை அவரே விளக்கினார். வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கு மூளை சுருங்கும். மண்டை ஓடு சுருங்காது. நடுவில் இடைவெளி விழும். மூளைக்கும் அதன் வெளி உறைக்கும் இடையே போகிற சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்துக்கொண்டாலும் அறுந்து ரத்தம் கசியும். அது வாரக்கணக்கில் மெதுவாகத் தேங்கி மூளையை அழுத்தும். வீட்டில் இருப்பவர்கள் 'போதையில் உளறுகிறார்' என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. நல்லவேளை, ரத்தக் கசிவு இல்லை. ஆனால் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் படத்தைக் காட்டியபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மூளையின் மேல் மடிப்புகளுக்கு இடையே கறுப்புக் கோடுகள் அகலமாக ஓடின. கோடையில் குளம் வற்றி வண்டல் வெடித்துக் கிடக்குமே, அந்த மாதிரி. நடுவில் நீர் தேங்கும் அறைகள் பட்டாம்பூச்சி இறக்கை போல விரிந்து பெரிதாக இருந்தன.

"இவருக்கு 49 வயசுதானே? படம் அதைவிட ரொம்ப வயசானவங்களுது மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிரவிலிருந்து இரண்டு நாள் நரகம். போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று பிடுங்கிப் பிடுங்கிப் போட்டார். சுமை தூக்கும் ஆட்களைப் பேர் சொல்லி விரட்டினார். கட்டிலில் கட்டிவைக்க வேண்டியதாயிற்று. குடியைத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரலாம், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

"மில்லு ஓடுதா அம்மிணி?"

ஆறாம் நாள் எம்.ஆர்.ஐ. அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் பிதற்றல் அடங்கும்வரை காத்திருந்தார்கள். காந்தம் என்பதால் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. மாமியார் கட்டிய வெள்ளித் தாயத்தை அரைஞாணோடு கழற்றி என் கையில் கொடுத்தார்கள். சி.டி. என்பது எக்ஸ்ரே கதிர், வேகமாக முடியும், ரத்தக் கசிவை உடனே காட்டும். எம்.ஆர்.ஐ. காந்தம், அரை மணி நேரம் ஆகும், மூளையின் ஆழத்தில் உள்ள சின்னப் பகுதிகளையும் துல்லியமாகக் காட்டும். எனக்குப் புரிந்த வித்தியாசம் இதுதான்.

அந்தக் குழாய்க்குள் போனதும் பயந்துவிடுவாரோ என்று எனக்கு நடுக்கம். தடதடவென்று சத்தம் வெளியே வரை கேட்டது. முடிந்து வெளியே வந்தவர் முகம் தெளிவாக இருந்தது.

"மில்லு ஓடுதா அம்மிணி? நம்ம ஹல்லர் சத்தமாட்டவே இருக்குது" என்றார்.

படத்தில் மூன்று இடங்களைக் காட்டினார் மனநல மருத்துவர். என் வயதுள்ள பெண்மணி, நிதானமாகப் பேசுவார். மூளையின் நடு ஆழத்தில் தாலமஸ் என்ற பகுதியின் உள்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குக் கீழே பட்டாணி மாதிரி இரண்டு சின்ன உருண்டைகள் பாதிக்கப்பட்டிருந்தன. "புதுசா நடக்குற விஷயம் ஞாபகமாப் பதியறதுக்கு இந்த வழியாத்தான் போகணும். அந்த வழி இடிஞ்சிருக்கு" என்றார். பின்னால் சிறுமூளையின் மேல்பகுதி மெலிந்திருந்தது. கால் அகட்டி நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"இந்த நோயில எம்.ஆர்.ஐ. சுத்தமா இருக்கிறவங்களும் உண்டு. அதனாலதான் படம் வரட்டும்னு ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது" என்றும் சொன்னார்.

பொய்யா, நோயா?

பத்தாம் நாள்தான் அந்தக் கழித்தல் கணக்கு. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, என்ன கிழமை, இது எந்த ஊர், எத்தனையாவது மாடி? மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சாவி, மாங்காய், ரயில். ஒன்றுகூட வரவில்லை. 'மூணு வார்த்தை சொன்னேனே?' என்றதற்கு, 'எப்பச் சொன்னீங்க?' என்றார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னபோது, எல்லா எண்களையும் வலது பக்கமே நெருக்கி எழுதிவிட்டு, முள்ளே போடாமல் பேனாவை வைத்துவிட்டார்.

30-க்கு 17.

பிறகு டாக்டர் சாதாரணமாகக் கேட்டார். "நேத்து எங்க இருந்தீங்க?"

"மில்லுலதானுங்க. நாலு லோடு வந்துச்சு. வெள்ளகோயில் பார்ட்டி ஒருத்தர் கூலியில தகராறு பண்ணிட்டாரு. பேசி அனுப்புறதுக்குள்ள ஒம்போது மணி ஆயிப்போச்சு" என்றார், ஒரு தடங்கலும் இல்லாமல்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. பத்து நாளாகக் கட்டிலைவிட்டு இறங்காத மனிதர். "பாருங்க டாக்டர், பொய்! ரெண்டு வருஷமா இப்படித்தான், கூசாமப் பொய்!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"அது பொய் இல்லம்மா. பொய் சொல்றவங்களுக்கு உண்மை என்னன்னு தெரியும், அதை மறைப்பாங்க. இவருக்கு நேத்துங்கிற பக்கமே காலியா இருக்கு. அந்தக் காலி இடத்தைப் பழைய ஞாபகத்தை வச்சு மூளை தானா நிரப்புது. அவர் சொல்றதை அவரே நம்புறார்."

இப்படி ஞாபகம் அழிவதையும், இல்லாததை இட்டு நிரப்புவதையும் 1887-லிருந்து எழுதி வைத்தவர் ரஷ்ய மருத்துவர் செர்கே கோர்சகோவ் என்றார். வெர்னிக்கே நோயை ஆரம்பத்தில் பிடிக்காமல் விட்டால் இதில்தான் பெரும்பாலும் கொண்டுபோய் விடும்.

எனக்குக் கால் தளர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முந்தைய வருடம் சீட்டுப் பணம் 18,000 ரூபாயைக் கட்டச் சொல்லிக் கொடுத்தேன். 'கட்டிட்டேன்' என்றார். கட்டவில்லை. நான் விடவில்லை. "நம்ம புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றேன். கல்லூரிக்குக் கிளம்பி நின்ற மகளை இழுத்து நிறுத்தி, அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். மறுநாள் சீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து மகள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஈரோட்டில் ஹாஸ்டலுக்குப் போனவள், லீவுக்குக்கூட என் அண்ணன் வீட்டுக்குத்தான் போவாள்.

"அப்ப, அவர் சொன்ன எல்லாமே நோய்தானா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "சிலது நோயா இருக்கும். சிலது பொய்யாவும் இருக்கும். குடிக்கிறதுக்காகப் பொய் சொல்லாதவங்களை நான் பார்த்ததில்லை. எது நோய், எது பொய்னு பிரிச்சுக் காட்டுற ஸ்கேன் இல்லம்மா."

ஆறுதலுக்காக 'எல்லாம் நோய்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனாலேயே அவர் சொன்ன மற்றதையெல்லாம் நான் நம்பினேன்.

ஸ்கேன் சொல்லாதது

படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாமியார் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அதுதான் மூளை இருக்குதே, அப்பறம் என்ன?" என்றார். என் கொழுந்தனாரோ, "குடிகாரன்னு ஸ்கேன்லயே வந்துருச்சா அண்ணி?" என்று கேட்டார்.

வராது. குடிநோய் இருக்கிறதா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. எவ்வளவு குடிக்கிறார், நிறுத்த முயன்று முடியவில்லையா, காலையிலேயே தேவைப்படுகிறதா, வேலையும் குடும்பமும் கெட்ட பிறகும் தொடர்கிறதா என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறது. பாட்டில் படத்தைக் காட்டி அப்போது மூளையில் எந்த இடம் துடிக்கிறது என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிக்கானது, சிகிச்சை முடிவு செய்வதற்கானது அல்ல. 'ஒரே ஸ்கேனில் குடிப்பழக்கத்தைக் கண்டுபிடிக்கிறோம்' என்று யாராவது சொன்னால், சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பாதீர்கள். நான் ஏற்கனவே வைத்துவிட்டதால் சொல்கிறேன்.

அதேபோல, ஸ்கேன் நன்றாக இருந்தால் 'இனி குடிக்கலாம்' என்று அர்த்தமில்லை. படத்தில் தெரியும் முன்பே கணக்கிலும் கடிகாரத்திலும் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஒரு மாதம் சுத்தமாக இருந்த பிறகு விரிவான பரிசோதனை வைத்தார்கள். போதையிலோ, நிறுத்திய முதல் சில நாட்களிலோ எடுக்கும் மதிப்பெண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாதாம். உளவியல் நிபுணராக இருந்த சின்னப் பெண் ஒருத்தி மேஜையில் கையை வைத்துக் காட்டினாள். முஷ்டி, கையின் ஓரம், உள்ளங்கை. இதே வரிசையில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே அவருக்குக் குழம்பியது. ஒன்று, அ, இரண்டு, ஆ என்று எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொன்னாள். எண்களை மட்டும் இணைத்துக்கொண்டே போய்விட்டார்.

"இது நெற்றிக்குப் பின்னாடி இருக்குற மூளையோட வேலை. வண்டிக்கு பிரேக் மாதிரி. 'வேண்டாம், நிறுத்து'ன்னு சொல்றது இதுதான். குடி அதைத்தான் ரொம்பப் பாதிக்குது. அதனாலதான் 'மனசு வச்சா விடலாமே'ன்னு நாம சொல்றது அவங்களுக்குக் கஷ்டம்" என்றாள்.

எத்தனை முறை அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் நான்!

நிறுத்தியதே மறந்துவிட்டது

"மறுபடி சரியாகுமா?" என்று எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன். ஓரளவு ஆகும் என்றார் டாக்டர். 1978-லேயே கனடாவில் டொரன்டோ ஆராய்ச்சியாளர்கள் குடியை நிறுத்தியவர்களுக்குத் திரும்ப சி.டி. எடுத்துப் பார்த்து, சிலருக்கு அந்தச் சுருக்கம் ஓரளவு குறைந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். மூளை இறுகிப்போன கல் அல்ல. குடியை நிறுத்தி, ஒழுங்காகச் சாப்பிட்டால் வாரங்களிலேயே மீள ஆரம்பிக்கும். ஆனால் ஆழத்தில் இடிந்த அந்த ஞாபகப் பாதை முழுதாகத் திரும்புவது கடினம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மூன்றாவது மாதம் ஒருநாள், தெருமுனைக் கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, மாமா ஒயின்ஷாப் பக்கம் போறாருங்க." ஓடினேன். வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நான் கத்தவில்லை. "ஏனுங்க, நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே?" என்றேன்.

அவர் என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"நான் நிறுத்திட்டனா? எப்ப?"

குடியை விட முடியாமல் திரும்பப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். விட்டதையே மறந்து போய் நிற்பவரை என்ன செய்வது? ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, "வா அம்மிணி, வீட்டுக்குப் போலாம்" என்றார். எதற்காக அழுதேன் என்று வீடு வருவதற்குள் மறந்துவிட்டார்.

அன்று மாலை ஒரு நீள நோட்டு வாங்கிவந்தேன். மில்லில் நாள்வழிக் கணக்கு எழுதுவார்களே, அதே மாதிரி. முதல் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். 'நான் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.' கீழே தேதி, கையெழுத்து. தினமும் காலையில் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மற்ற வேலை. சாப்பிட்டது, மாத்திரை போட்டது, யார் வந்தார்கள் என்று எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதுவார். எழுதுவது அவர் கைக்குப் பழகிய வேலை. அதை மூளை மறந்தாலும் கை மறக்கவில்லை.

ஆறாவது மாதப் பரிசோதனையில் 30-க்கு 24. கடிகாரத்தில் முள் சரியாகப் பதினொன்று பத்தில் நின்றது. நடை நேராகிவிட்டது. மூன்று வார்த்தையில் ஒன்றுதான் வந்தது. "இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமா?" என்றேன். "வேண்டாம்மா. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுங்க" என்றார் டாக்டர்.

அவரால் பழையபடி கணக்கு எழுத முடியாது. என் அண்ணனின் கடையில் உட்கார்ந்து பொட்டலங்களுக்கு விலைச்சீட்டு ஒட்டுகிறார். ஞாயிறு தோறும் குடிநோயாளிகள் சுயஉதவிக் கூட்டத்துக்குப் போகிறார். குடும்பத்தினருக்கென்று தனியாக நடக்கும் கூட்டத்துக்கு நானும் போகிறேன். அங்கே போன பிறகுதான் என் கோபத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். குடிக்காத நேரத்தில் தள்ளாடினாலோ, குழம்பினாலோ, கண் நிலைக்காவிட்டாலோ, 'தெளிந்துவிடும்' என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். எத்தனை வருடக் குடி, சாப்பிட்டு எத்தனை நாள், கடைசியாக எப்போது குடித்தார், எங்காவது விழுந்தாரா என்பதை மானம் பார்க்காமல் சொல்லுங்கள். திடீரென்று குடியை நிறுத்துவதை மருத்துவர் பார்வையில் செய்யுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

ஞாயிறு மாலை

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கு என் தலையில கை வச்சுப் பண்ணின சத்தியம் பொய்யா, நோயாம்மா?"

டாக்டர் எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை. "உன்னை அங்க இழுத்து நிறுத்தினது நான்தான் கண்ணு. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன். அவள் எதுவும் சொல்லாமல் ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அப்பா... நூறுல இருந்து ஏழு போனா எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு."

"அப்பறம்?"

"எண்பத்தி ஆறு. எழுபத்தி ஒம்போது. எழுபத்தி ரெண்டு. அறுபத்தி அஞ்சு." டாக்டர்கள் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மகள் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. ஐம்பத்தி எட்டு, ஐம்பத்தி ஒன்று என்று இறங்கி இறங்கி, பதினாறு, ஒன்பது, இரண்டு என்று வந்து நின்றார்.

"ரெண்டுதான் பாப்பா மிச்சம். இதுக்கு மேல கழிக்க முடியாது."

அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கேப்பேன்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அன்று இரவு சாப்பிட்டு முடித்து, மாத்திரை போட்டதை எழுதுவதற்காக நோட்டைத் திறந்தார். திறந்தவர் ஒரு வரியில் அப்படியே நின்றுவிட்டார். சந்தோஷம் தாங்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இங்க பாரு, பாப்பா போன் பண்ணியிருக்குது!"

எட்டிப் பார்த்தேன். அவருடைய கையெழுத்தில், நேரம் போட்டு, மில் கணக்கு மாதிரியே இருந்தது.

'மாலை 5.10. பாப்பா போன். கணக்குக் கேட்டது. சரியாகச் சொன்னேன்.'